"நான்கு வருடம் கழித்துத் திறந்துவிடுவோம்" என்ற உரிமத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கயல் எழுதியது:

வணக்கம். எங்கள் குழுவில் ஐந்து பேர். வாடிக்கையாளர்களின் தரவை வாங்கி, அலசி, அறிக்கையாகத் திருப்பித் தரும் ஒரு சேவையை நடத்துகிறோம். அதன் நடுவில், வேலைகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக அனுப்பும் ஒரு வரிசை மேலாண்மைக் கருவி ஓடுகிறது. மூன்று வருடமாகப் பயன்படுத்துகிறோம், ஒரு குறையும் சொல்ல முடியாது. போன மாதம் அடுத்த பெரிய பதிப்புக்கு மாறலாம் என்று பார்த்தால் உரிமக் கோப்பு மாறியிருக்கிறது. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற திறமூல உரிமமான அப்பாச்சி 2.0 இருந்த இடத்தில் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் (பி.எஸ்.எல்.) 1.1. மாற்றத் தேதி, அதாவது கட்டுப்பாடு நீங்கும் நாள், நான்கு வருடம் கழித்து. அன்று வந்து சேரும் மாற்ற உரிமம் அப்பாச்சி 2.0.

எங்கள் மேலாளர் படித்துவிட்டு, "நான்கு வருடத்தில் திறமூலமாகிவிடும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்களே, அப்புறம் என்ன?" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் ஒப்பவில்லை என்று தெளிவாகச் சொல்லவும் வரவில்லை. அந்தக் கோப்பை மூன்று முறை படித்தேன். "போட்டியாக அமையும் சேவை" என்ற இடத்தில் மூன்று முறையும் நின்றுவிட்டேன். நாங்கள் அந்தக் கருவியை விற்கவில்லை, ஆனால் எங்கள் சேவைக்குள் அது இருக்கிறதே?

இந்த வகை உரிமங்களோடு பழகியவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய கம்பைலர் எழுதியது:

கயல், முதலில் இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் கோப்பைப் படிப்பது எளிது.

நிரலைப் புதிதாக இருக்கும்போது கட்டுப்படுத்தி, பழையதானபின் திறந்துவிடும் யோசனைக்கு வயது அதிகம். 1990களில் எல். பீட்டர் டாய்ச், அச்சுப் பக்கங்களை வரைந்து கொடுக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளை அப்படித்தான் வெளியிட்டார். புதிய பதிப்பு அலாடின் உரிமத்தில் வரும், அதை வணிகரீதியாக விநியோகிக்கக் கூடாது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அதே பதிப்பு ஜி.பி.எல். என்ற கட்டற்ற உரிமத்தில் வரும். அச்சுப்பொறி நிறுவனங்களுக்குப் புதியது உடனே வேண்டும், அதனால் அவர்கள் பணம் கொடுத்தார்கள். மற்றவர்கள் காத்திருந்தோம். 2006இல் இந்த இரட்டை ஏற்பாட்டைக் கைவிட்டுப் புதிய பதிப்புகளையே நேராக ஜி.பி.எல்.-இல் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் சொல்லும் பி.எஸ்.எல். மரியாடிபி என்ற தரவுத்தள நிறுவனத்தார் உருவாக்கியது. 2016இல் அவர்களின் மேக்ஸ்கேல் 2.0 அதில் வந்தது, 2017இல் 1.1 வாசகம் வந்தது. அதில் நிறுவனம் நிரப்ப வேண்டிய இடங்களில் முக்கியமானவை மூன்று: கூடுதல் பயன்பாட்டு அனுமதி, மாற்றத் தேதி, மாற்ற உரிமம். எதுவும் நிரப்பாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது படிக்க, மாற்ற, பகிர, உற்பத்திச் சூழலுக்கு (உண்மையான வாடிக்கையாளர் வேலை நடக்கும் சர்வர்களுக்கு) வெளியே ஓட்ட அனுமதி மட்டுமே. உற்பத்தியில் ஓட்டலாமா என்பது முழுக்க அந்தக் கூடுதல் அனுமதியைப் பொறுத்தது. மேக்ஸ்கேலில் அது மூன்றுக்கும் குறைவான சர்வர் என்ற கணக்கு. காக்ரோச் டிபி 2019இல் இதற்கு மாறியபோது, தரவுத்தளத்தையே சேவையாக விற்கக் கூடாது என்பது நிபந்தனை. சர்வர் அமைப்புக் கருவிகள் செய்யும் ஹாஷிகார்ப் 2023 ஆகஸ்டில் மாறியபோது, தங்கள் விற்பனைப் பொருட்களுக்குப் போட்டியாக ஹோஸ்ட் செய்தோ (தன் சர்வரில் நடத்தியோ) உட்பொதித்தோ (தன் மென்பொருளுக்குள் வைத்தோ) பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள்.

ஆகவே "பி.எஸ்.எல். உரிமம்" என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. உங்கள் கோப்பில் இருக்கும் அந்த ஒரு பத்தியை இங்கே தமிழில் சுருக்கிப் போடுங்கள்.

நிரலோடி எழுதியது:

வரலாற்றுக்கு நன்றி ஐயா. ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது திறமூலம் அல்ல. எது திறமூலம் என்று வரையறுக்கும் ஓ.எஸ்.ஐ. அமைப்பின் வரையறையில் ஐந்தாவது பிரிவு ஆட்களிடையே பாகுபாடு கூடாது என்கிறது, ஆறாவது பிரிவு பயன்படுத்தும் துறையில் பாகுபாடு கூடாது என்கிறது. "என் போட்டியாளரைத் தவிர எல்லோரும் பயன்படுத்தலாம்" என்பது இரண்டிலும் விழுகிறது. நிரல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் அது திறமூலமாகிவிடாது.

எனக்கு இதில் சொந்த வலி உண்டு. ஒரு திட்டத்துக்கு நான்கு வருடம் இரவு இரவாகப் பேட்ச், அதாவது திருத்த நிரல், எழுதி அனுப்பினேன். பெயர் வேண்டாம். முதல் பேட்ச் அனுப்பிய அன்றே பங்களிப்பாளர் ஒப்பந்தம், அதாவது சி.எல்.ஏ., ஒன்றில் கையெழுத்து வாங்கினார்கள். சடங்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். என் நிரலை அவர்கள் விரும்பிய எந்த உரிமத்திலும் வெளியிடலாம் என்று அதில் இருந்தது. ஒரு நாள் காலையில் வலைப்பதிவு அறிவிப்பு: இனி பி.எஸ்.எல். நான் எழுதிய நினைவக மேலாண்மைப் பகுதியை என் நண்பனின் சிறு நிறுவனம் அதன் சேவையில் இனிப் பயன்படுத்த முடியாது. எழுதியவன் நான். பழைய பதிப்பில் இருப்பது இன்றும் அப்பாச்சிதான், தெரியும். ஆனால் அதை நான்கு வருடம் சீர்செய்து கொண்டுவந்ததும் நாங்கள்தானே?

லினக்ஸ் கெர்னலில் இதைச் செய்ய முடியாது. அங்கே பதிப்புரிமை ஆயிரக்கணக்கான பேரிடம் சிதறிக் கிடக்கிறது. எல்லோரையும் கேட்காமல் உரிமத்தை மாற்ற வழியே இல்லை. ஒரு திட்டம் நாளை மாறுமா என்று தெரிய வேண்டுமானால் உரிமக் கோப்பைப் பார்ப்பதற்கு முன் சி.எல்.ஏ. இருக்கிறதா என்று பாருங்கள்.

தறியாளன் எழுதியது:

நான் மறுபக்கத்தில் இருப்பவன். இங்கே இதைச் சொல்வது எளிதல்ல, இருந்தாலும் சொல்கிறேன்.

நாங்கள் ஏழு பேர். சர்வர்களைக் கவனிக்கும் ஒரு கண்காணிப்புக் கருவியை எம்.ஐ.டி. என்ற தளர்வான திறமூல உரிமத்தில் ஆறு வருடம் வளர்த்தோம். வருமானம் முழுவதும் எங்கள் சர்வரில் அதை நடத்திக் கொடுப்பதிலிருந்துதான் வந்தது. பிறகு எங்களைவிடப் பல மடங்கு பெரிய ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்று அதே கருவியை, எங்கள் ஆவணங்களையும் சேர்த்து, எங்கள் விலையில் பாதிக்கு விற்கத் தொடங்கியது. ஒரு பேட்ச்கூட அனுப்பவில்லை. அவர்களின் வாடிக்கையாளர்கள் பிழையைப் புகாராக எழுதியது எங்கள் நிரல் களஞ்சியத்தில். சட்டப்படி அவர்கள் செய்ததில் தவறில்லை, அந்த அனுமதியைக் கொடுத்தது நாங்கள்தான். ஆனால் எட்டு மாதத்தில் இரண்டு பேரை வேலையிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. அந்த இரண்டு பேரும்தான் முதன்மை நிரலாளர்கள்.

அதனால் எஃப்.எஸ்.எல். (ஃபங்ஷனல் சோர்ஸ் லைசென்ஸ்) உரிமத்துக்கு மாறினோம். பிழைகளைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்யும் சென்ட்ரி நிறுவனம் அதை 2023 நவம்பரில் கொண்டுவந்தது. சென்ட்ரியும் அதற்கு முன் 2019இலிருந்து பி.எஸ்.எல்.-இல் இருந்தது. இதில் நிரப்ப வேண்டிய இடங்கள் கிட்டத்தட்ட இல்லை. காலம் எல்லோருக்கும் இரண்டு வருடம். அதன்பின் அப்பாச்சி அல்லது எம்.ஐ.டி. தடை ஒன்றுதான்: இதே மென்பொருளுக்கு மாற்றாக, இதே வேலையைச் செய்யும் வணிகப் பொருளாகக் கொடுக்கக் கூடாது. உள்ளே பயன்படுத்துவது, படிப்பு, ஆய்வு, அடுத்தவருக்கு நிறுவிக் கொடுத்துக் கூலி வாங்குவது எல்லாம் சரி.

இதைத் திறமூலம் என்று நாங்கள் எங்கும் சொல்வதில்லை. நிரலோடி சொன்னது அதில் முழு உண்மை. நியாய மூலம் என்றுதான் எழுதுகிறோம். ஆனால் முழுக்க மூடுவதா, கடையைச் சாத்துவதா, இதுவா என்று மூன்று வழிதான் இருந்தது. இரண்டு வருடப் பழைய நிரலை உலகத்துக்குக் கொடுத்துவிட்டு, இந்த இரண்டு வருட முன்னிலையை வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம்.

கயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் கோப்பில் இருப்பது இது: உற்பத்தியில் பயன்படுத்தலாம். ஆனால் உரிமம் தருபவரின் கட்டணப் பொருட்களுக்குப் போட்டியாக அமையும் விதத்தில் ஹோஸ்ட் செய்தோ உட்பொதித்தோ மூன்றாம் தரப்பினருக்கு வழங்கக் கூடாது. ஹாஷிகார்ப் வாசகத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

எங்களிடம் வரிசைக் கருவியை யாரும் வாங்குவதில்லை, அறிக்கையைத்தான் வாங்குகிறார்கள். ஆகவே இன்றைக்குச் சிக்கலில்லை என்று நினைக்கிறேன். அந்த நிறுவனம் நாளை அறிக்கைச் சேவை ஒன்றைத் தொடங்கினால்?

வேர்ச்சொல் எழுதியது:

அந்தக் கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. நான் வழக்கறிஞன் இல்லை, உரிமக் கோப்புகளைப் படிப்பதையே வேலையாகச் செய்திருக்கிறேன்.

"போட்டி" என்பதை நிறுவனத்தின் பொருட்பட்டியலோடு கட்டிவிட்டால், பட்டியல் வளரும்போது தடையும் வளரும். நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே ஒரு நாள் போட்டியாளராகிவிடலாம். இதை உணர்ந்த சில நிறுவனங்கள், "உங்கள் பொருள் வெளியான நாளில் போட்டியாக இல்லையென்றால், நாங்கள் பின்னால் புது வசதி சேர்ப்பதால் அது போட்டியாகாது" என்று வாசகம் சேர்க்கின்றன. உங்கள் கோப்பில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, வாக்குறுதி எதைக் கட்டுப்படுத்துகிறது என்று உங்கள் மேலாளருக்குச் சொல்லுங்கள். நான்கு வருடம் என்பது ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனி. வெளிவந்துவிட்ட பதிப்பை அவர்களால் திரும்ப இழுக்க முடியாது. மாற்றத் தேதி அல்லது அந்தப் பதிப்பு முதலில் வெளியானதன் நான்காம் ஆண்டு நிறைவு, எது முந்தியதோ அன்று அது தானாகத் திறக்கும். நிறுவனம் திவாலானாலும் திறக்கும், கைமாறினாலும் திறக்கும். ஹாஷிகார்ப்பை ஐ.பி.எம். 640 கோடி டாலருக்கு வாங்கியது. அதனால் ஏற்கெனவே வெளியான பதிப்புகளின் தேதி நகரவில்லை. இந்த அளவுக்கு அது உறுதியான வாக்குறுதிதான்.

ஆனால் இனி வரும் பதிப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. காக்ரோச் டிபி 2019இல் மூன்று வருடத்தில் அப்பாச்சி என்று பி.எஸ்.எல்.-க்கு வந்தது. 2024 ஆகஸ்டில் அந்த இலவசப் பதிப்பையே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஒரே நிறுவன உரிமத்தின்கீழ் கொண்டுபோவதாக அறிவித்தது. பழைய பதிப்புகள் அவற்றுக்கான தேதியில் திறக்கும். அதற்குப்பின் வந்தவற்றுக்கு அந்தப் பழைய வாக்கு பொருந்தாது.

பழைய கம்பைலர் எழுதியது:

வேர்ச்சொல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வருங்காலப் பதிப்பையும் கட்டுப்படுத்தும் வாக்குறுதி சாத்தியமில்லாதது அல்ல. திரை இடைமுகங்களை அமைக்கும் க்யூடி நிரல் நூலகத்துக்காக 1998இலேயே கே.டி.இ. ஃப்ரீ க்யூடி அறக்கட்டளை அமைந்தது. க்யூடியின் கட்டற்ற பதிப்பு பன்னிரண்டு மாதத்துக்கு வராமல் போனால், அதை பி.எஸ்.டி. வகைத் தளர்வான திறமூல உரிமத்தில் வெளியிடும் உரிமை அறக்கட்டளைக்கு வந்துவிடும். நிறுவனம் பலமுறை கைமாறியும் அந்த ஒப்பந்தம் தொடர்கிறது. அங்கே வாக்குறுதியின் சாவி வெளியாள் கையில் இருக்கிறது. பி.எஸ்.எல்.-இல் அடுத்த பதிப்பின் சாவி கொடுத்தவர் கையிலேயே இருக்கிறது.

மின்மினி எழுதியது:

இத்தனை பேசியும் சர்வர் அறையிலிருந்து யாரும் பேசவில்லை. என் வேலை பழைய மென்பொருளை உயிரோடு வைத்திருப்பது. அதனால் தேதியைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன்.

நான்கு வருட பி.எஸ்.எல்.-இல் ஒரு கருவி. இன்று 3.0 வெளியாகிறது, நான்காம் வருட முடிவில் அது திறக்கும். மூன்றாம் வருட முடிவில் அதில் மோசமான பாதுகாப்புத் துளை ஒன்று தெரியவருகிறது. துளை 3.0இலிருந்தே இருப்பது. திருத்தம் 5.2இல் வருகிறது. 5.2 எப்போது திறக்கும்? அது வெளியான நாளிலிருந்து நான்கு வருடம், அதாவது ஏழாம் வருட முடிவில்.

நான்காம் வருட முடிவில் உங்கள் கைக்கு வருவது அப்பாச்சி உரிமம் பெற்ற, ஊரறிந்த துளையோடு கூடிய 3.0. திருத்தம் கண்ணெதிரே களஞ்சியத்தில் இருக்கிறது, ஆனால் அந்த வரிகள் இன்னும் பி.எஸ்.எல்.-இல் இருக்கின்றன. அதை எடுத்து 3.0இல் ஒட்டினால் உங்கள் கலவை முழுவதற்கும் அந்தத் தடை வந்து சேரும். ஒட்டாவிட்டால் துளையோடு ஓட்ட வேண்டும். மூன்றாவது வழி, திருத்தத்தைப் பார்க்காமல் நீங்களே புதிதாக எழுதுவது. அறிவிப்பில் துளை எந்தச் செயற்கூறில் என்று மட்டும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு, அசல் திருத்தத்தைத் திறந்து பார்க்காத ஒருவர் எழுத வேண்டும். ஒரு துளைக்குச் செய்யலாம். வருடத்துக்குப் பத்து என்றால் அதற்கே ஆள் வேண்டும்.

கயல், உங்கள் மேலாளரிடம் இதைச் சொல்லுங்கள். திறப்பு விழா நடக்கும் நாளில் நமக்குக் கிடைப்பது நாம் உற்பத்தியில் ஓட்டத் துணியாத பதிப்பு. காலம் குறையக் குறைய இந்த இடைவெளி சுருங்கும். இரண்டு வருடம் என்பது நான்கு வருடத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான், ஏனென்றால் பல திட்டங்கள் பழைய பதிப்புக்கு இரண்டு வருடம்வரை திருத்தம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

நிரலோடி எழுதியது:

மின்மினி, நான் இத்தனை நாள் கோபமாக மட்டுமே வைத்திருந்ததை நீங்கள் கணக்காக்கிவிட்டீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். தேதி வந்து திறந்த பதிப்பிலிருந்து ஃபோர்க் எடுத்து, அதாவது நிரலை நகலெடுத்துத் தனித் திட்டமாக்கி, வளர்ந்த பெரிய திட்டம் ஏதாவது உங்களுக்கு நினைவுக்கு வருகிறதா? எனக்கு வரவில்லை. எல்லா ஃபோர்க்கும் உரிமம் மாறிய உடனே, மாற்றத்துக்கு முந்தைய கடைசித் திறந்த பதிப்பிலிருந்துதான் பிறந்தன. ஹாஷிகார்ப்பின் டெராஃபார்ம் கருவி 2023 ஆகஸ்டில் மாறியது. அடுத்த மாதமே அதன் ஃபோர்க்கான ஓப்பன்டோஃபு லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் வந்தது, 2024 ஜனவரியில் 1.6 வெளியிட்டுவிட்டார்கள். 'அக்கா' என்ற நிரல் நூலகம் 2022 செப்டம்பரில் பி.எஸ்.எல்.-க்கு மாறியதும் அதன் 2.6 பதிப்பிலிருந்து அப்பாச்சி பெக்கோ என்ற ஃபோர்க் பிறந்தது. நான்கு வருடம் யாரும் காத்திருக்கவில்லை.

வேர்ச்சொல் எழுதியது:

நிரலோடி, உண்மைதான், ஆனால் அது பெரிய திட்டங்களின் கதை. ஓப்பன்டோஃபுவுக்குப் பின்னால் முழுநேர ஆட்களை அனுப்பப் பல நிறுவனங்கள் இருந்தன. கயல் சொல்லும் கருவி அந்த அளவு பெரிதா? நடுத்தரத் திட்டம் என்றால் ஃபோர்க் எடுக்க நாலு பேர் கிடைப்பார்கள், ஆறு மாதத்தில் ஒருவர் மிஞ்சுவார். அப்படிப்பட்ட இடத்தில் நிறுவனம் மூடிப்போகும் நாளுக்கு இந்தத் தேதி ஒரு காப்பீடு. மூடிய மென்பொருள் என்றால் அதுவும் இல்லை.

அப்புறம், தேடல் மென்பொருள் செய்யும் எலாஸ்டிக், தரவுச் சேமிப்பு மென்பொருளான ரெடிஸ் இரண்டையும் இதோடு யாராவது சேர்ப்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். அவை தேதி வைத்துத் திறக்கும் உரிமத்துக்குப் போகவில்லை, சேவையாக விற்றால் அந்தச் சேவையின் நிரலையெல்லாம் வெளியிடச் சொல்லும் எஸ்.எஸ்.பி.எல். வகைக்குப் போயின. அதில் காலக்கெடு கிடையாது. எலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏ.ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்தன. அவற்றின் ஃபோர்க்குகளான ஓப்பன்சர்ச்சும் வால்க்கியும் அதற்குள் தனியே வளர்ந்துவிட்டன.

தறியாளன் எழுதியது:

மின்மினி போட்ட கணக்கை எங்கள் ஏழு பேருக்கும் காட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், உரிமம் மாற்றியபோது இது எங்கள் தலையில் தோன்றவே இல்லை. போட்டியாளரைத் தடுப்பதைப் பற்றி மட்டும் யோசித்தோம். திறந்தபின் அதை யார், எப்படி ஓட்டுவார்கள் என்று யோசிக்கவில்லை.

பாதுகாப்புத் திருத்தத்தைப் பூட்டி வைப்பதால் எங்களுக்கு எந்த வருமானமும் இல்லை. எங்களிடமிருந்து பறித்து விற்பவன் புது வசதிகளைத்தான் தேடுவான். ஆகவே களஞ்சியத்தில் இப்படி ஒரு கோப்பு சேர்க்கலாம் என்று பேசினோம்: "பாதுகாப்புத் திருத்தம் என்று நாங்கள் அறிவிக்கும் மாற்றங்கள் வெளியான நாளிலிருந்தே அப்பாச்சி 2.0இன்கீழும் கிடைக்கும்." ஏற்கெனவே திறந்த பதிப்பை ஓட்டுபவர் எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். இதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

நிரலோடி எழுதியது:

நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால் நேராகச் சொல்கிறேன். "நாங்கள் அறிவிக்கும்" என்ற சொல்தான் ஓட்டை. நாளை உங்கள் நிறுவனத்தை வேறொருவர் வாங்கினால் எதையும் பாதுகாப்புத் திருத்தம் என்று அறிவிக்காமலே விடலாம். பொதுவில் சி.வி.இ. எண் (பாதுகாப்புத் துளைகளுக்கு உலகளவில் தரப்படும் அடையாள எண்) பெற்ற எந்தத் துளைக்கான திருத்தமும் என்று எழுதுங்கள். அந்த எண்ணுக்கு வெளியாளும் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, உங்கள் சி.எல்.ஏ.-வில் பங்களிப்பாளரின் நிரலை எந்த உரிமத்துக்கும் மாற்றலாம் என்று இருக்கிறதா? இருந்தால் "வெளியாகி இரண்டு வருடத்தில் திறமூல உரிமத்துக்கு வரும் என்ற நிபந்தனையோடு" என்று அதிலும் சேருங்கள். அப்படி இருந்திருந்தால் நான் அன்று இவ்வளவு உடைந்திருக்க மாட்டேன்.

மின்மினி எழுதியது:

திருத்தத்தைப் புது வசதியோடு ஒரே கமிட்டில் (களஞ்சியத்தில் ஒரு மாற்றமாகப் பதிவாகும் தொகுப்பில்) கலந்துவிடாதீர்கள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனிக் கமிட்டாக இருந்தால்தான் பழைய பதிப்பில் ஒட்ட முடியும்.

கயல் எழுதியது:

நாங்கள் எடுத்த முடிவைச் சொல்கிறேன். அந்த நிறுவனத்துக்கு எங்கள் சேவையை விவரித்து மின்னஞ்சல் போட்டோம். போட்டியாகக் கருதவில்லை என்று ஒன்பது நாளில் எழுத்தில் பதில் வந்தது. பின்னால் அவர்களே அறிக்கைச் சேவை தொடங்கினாலும் இதே நிலைதானா என்று திரும்பக் கேட்டோம். அதற்கு இன்னும் பதில் இல்லை.

பதில் வரும்வரை கடைசி அப்பாச்சி பதிப்பிலேயே இருக்கிறோம். அதற்கு இன்னும் பதினான்கு மாதம் திருத்தங்கள் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் வரிசைக் கருவியோடு பேசும் பகுதியைத் தனியே பிரித்து எழுதப் போகிறோம், தேவைப்பட்டால் வேறொன்றை மாட்ட வசதியாக. மேலாளரிடம் மின்மினியின் கணக்கைப் பலகையில் வரைந்து காட்டினேன். ஏழாம் வருடம் என்று எழுதியதும், "அப்போ அந்த நான்கு வருஷம் யாருக்கு?" என்று கேட்டார். பிரித்து எழுதும் வேலைக்கு மூன்று வாரம் ஒதுக்கிக் கொடுத்தார்.

தறியாளன் எழுதியது:

சி.வி.இ. வாசகத்தோடு கோப்பு ஏறிவிட்டது. தனிக் கமிட் விதியைப் பங்களிப்பு வழிகாட்டியில் போட்டோம். சி.எல்.ஏ. மாற்றத்துக்கு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் நேரம் கொடுத்திருக்கிறார். நிரலோடி, வரைவு கைக்கு வந்ததும் கையெழுத்தாவதற்கு முன் உங்களுக்கு அனுப்புகிறேன். படித்துப் பார்க்க முடியுமா?

நிரலோடி எழுதியது:

அனுப்புங்கள். வரிக்கு வரி படிக்கிறேன்.